பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருப்பார்கள். இதை வைத்திருப்பவரைத் தாராளமாகப் போகவிட வேண்டும், ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று வரும். ‘லெட்’ என்றால் விடு, அனுமதி என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியானால் ‘அனுமதியோ தடையோ இல்லாமல்’ என்றா அரசாங்கம் கேட்கிறது?

இல்லை. இது வேறு ‘லெட்’. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்றுக்கு அனுமதித்தல் என்று பொருள், மற்றொன்றுக்குத் தடுத்தல் என்று பொருள். தடுக்கும் ‘லெட்’ பேச்சிலிருந்து மறைந்து, சட்ட வாசகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி விழுந்தால் ‘லெட்’ என்று சொல்வதும் இதுதான். ஹாம்லெட் தன்னைப் பிடித்து நிறுத்தும் நண்பர்களைப் பார்த்து, என்னை ‘லெட்’ செய்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்று மிரட்டுவதும் இதுவேதான்.

பழைய ஆங்கிலம் படிக்கிறவருக்குத் தெரியாத சொல் பெரிய பிரச்சினையே இல்லை. தெரியாது என்று தெரிந்ததும் அகராதியைத் திறந்துவிடுவோம். தெரிந்த சொல்தான் கழுத்தை அறுக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அரிய சொற்களைவிட அன்றாடச் சொற்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மொழியியலில் பழைய ஆங்கிலம் என்பது நார்மன் படையெடுப்பு நடந்த 1066-ஐ ஒட்டி முடிந்துபோகும் காலத்தைக் குறிக்கும். அதைத் தனி மொழி போல உட்கார்ந்து படித்தால்தான் வரும். 14-ஆம் நூற்றாண்டுச் சாசரின் ஆங்கிலம் அரைகுறையாகப் புரியும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்கும் பிந்தையது: ஷேக்ஸ்பியர் நாடகங்கள், 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள், கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள், தாத்தா காலத்து ஆங்கிலப் பத்திரம் போன்றவை.

படி 1: வருடத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ‘நைஸ்’ என்ற சொல்லையே பாருங்கள். அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, முதலில் முட்டாள்தனமான என்று பொருள்பட்டது. பிறகு எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற, நுணுக்கம் பார்க்கிற என்று மாறி, அப்புறம் துல்லியமான என்று ஆகி, 18-ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான என்ற இடத்துக்கு வந்தது. 1500-களின் எழுத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்று சொல்லியிருந்தால் அது பாராட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. வருடம் தெரியாமல் பொருள் சொல்லவே முடியாது.

அச்சான வருடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேற்று அச்சடித்த பைபிளாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு 1611-இனுடையது என்றால் சொற்களும் 1611-தான். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் போன்றவர்கள் இடைக்காலக் கதை எழுதும்போது வாசனைக்காகப் பழஞ்சொற்களைத் தேடிப்பிடித்துத் தூவினார்கள். அவற்றை வைத்து ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் பேசினார்கள்’ என்று முடிவுகட்டக் கூடாது.

படி 2: கண்ணில் படுவது எந்த எழுத்து என்று உறுதிசெய்யுங்கள்

1800-க்கு முந்தைய அச்சுப் புத்தகத்தைத் திறந்தால் ‘எஃப்’ எழுத்து எக்கச்சக்கமாக இருப்பது போலத் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை ‘எஸ்’. அதற்கு நீண்ட வடிவம் ஒன்று இருந்தது. சொல்லின் முதலிலும் நடுவிலும் நீண்ட ‘எஸ்’ வரும், கடைசியில் நமக்குப் பழகிய ‘எஸ்’ வரும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: ‘எஃப்’ எழுத்தில் குறுக்குக் கோடு தண்டை வெட்டிக்கொண்டு போகும், நீண்ட ‘எஸ்’ எழுத்தில் கோடே இருக்காது, இருந்தாலும் இடது பக்கம் ஒரு சின்ன முனையோடு நின்றுவிடும்.

இதில் இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ்கேன் செய்த புத்தகங்களை எழுத்தாக மாற்றும் மென்பொருள் நீண்ட ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்றே பல இடங்களில் படித்துவைத்திருக்கும். ‘பெஸ்ட்’ என்று தேடினால் கிடைக்காதது, அந்த ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘எஃப்’ போட்டுத் தேடினால் கிடைக்கும். அசிங்கமான வழிதான், ஆனால் வேலை செய்யும்.

அடுத்தது ‘யூ’வும் ‘வி’யும். 1611 பைபிளின் முதல் பதிப்பில் இவை ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள். சொல்லின் தொடக்கத்தில் ‘வி’, நடுவில் ‘யூ’. அதனால் ‘அபான்’ என்ற சொல் ‘வி’யில் தொடங்கும், ‘லவ்’ என்பதன் நடுவில் ‘யூ’ உட்கார்ந்திருக்கும். ‘ஐ’யும் ‘ஜே’யும் இப்படியே, இயேசுவின் பெயரை அதில் ‘ஐ’ போட்டுத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியில்கூட இந்த ஜோடிகளைக் கலந்துதான் அடுக்கியிருக்கிறார். ஒரு சொல் அதில் ‘இல்லை’ என்று மூடிவைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் படங்களில் ‘யீ ஓல்ட்’ என்று தொடங்கும் கடைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது ‘ஒய்’ அல்ல. ‘த’ ஒலிக்கு ‘தோர்ன்’ என்று ஒரு எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ‘ஒய்’ போலவே தேய்ந்துவிட்டதால் அச்சிலும் ‘ஒய்’ போட்டுவிட்டார்கள். வாசிக்க வேண்டியது ‘தி’ என்றுதான்.

படி 3: இலக்கணத்தை உரித்தெடுங்கள்

‘தவ்’, ‘தீ’, ‘தை’, ‘தைன்’ என்று வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நீ, உன்னை, உன், உன்னுடையது. ‘யூ’ என்பது அன்றைக்கு நீங்கள். ஆங்கிலேயர் பின்னாளில் எல்லாரையும் நீங்கள் என்றே கூப்பிடத் தொடங்கி, நீ என்ற சொல்லைத் தொலைத்துவிட்டார்கள். தமிழில் இரண்டும் இருப்பதால் இந்த இடத்தில் நமக்கு இன்றைய ஆங்கிலேயரைவிட வேலை சுலபம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பாத்திரம் திடீரென்று ‘யூ’விலிருந்து ‘தவ்’வுக்கு மாறினால் காதோடு கேளுங்கள்: நெருக்கம் கூடியிருக்கும், இல்லையென்றால் கோபம் வந்திருக்கும். 1603-இல் சர் வால்டர் ராலே மீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், நான் உன்னை ‘தவ்’ போட்டுத்தான் கூப்பிடுவேன், துரோகியே என்று நீதிமன்றத்திலேயே கத்தினார். நம்மூரில் ‘வாடா போடா’ என்று இறங்கிவிடுவதற்குச் சமம்.

பிரார்த்தனைகளில் கேட்டுக் கேட்டு ‘தவ்’ ஏதோ மரியாதைச் சொல் என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். முருகா, நீயே துணை என்று நாம் சொல்வது போலத்தான் அதுவும்.

வினைச்சொல்லின் கடைசியில் ‘எத்’ இருந்தால் இன்றைய ‘எஸ்’ விகுதி. ‘எஸ்ட்’ இருந்தால் அது ‘தவ்’வுக்கான விகுதி. இவற்றை நீக்கிவிட்டு அகராதியில் தேடுங்கள். ‘கோஎத்’ அகராதியில் இருக்காது, ‘கோ’ இருக்கும்.

இடப்பெயர்ச்சொற்களுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. தமிழில் இ, அ, எ என்று மூன்று எழுத்துகளை வைத்தே இங்கே, அங்கே, எங்கே என்று ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே ஒரு மூன்று இருக்கிறது: ‘ஹியர்’, ‘தேர்’, ‘வேர்’. இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து என்பதற்கு ‘ஹென்ஸ்’, ‘தென்ஸ்’, ‘வென்ஸ்’. இந்தப் பக்கமாக, அந்தப் பக்கமாக, எந்தப் பக்கமாக என்பதற்கு ‘ஹிதர்’, ‘திதர்’, ‘விதர்’. முதல் எழுத்தைப் பார்த்தால் இ, அ, எ எது என்று தெரிந்துவிடும், மிச்சத்தைப் பார்த்தால் போவதா வருவதா என்று தெரிந்துவிடும். ஒன்பது சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதே கணக்கில் ‘தேர்ஃபோர்’ என்றால் ஆகையால், அதற்கு ஜோடியான ‘வேர்ஃபோர்’ என்றால் ஏன். மாடத்தில் நிற்கும் ஜூலியட் ‘வேர்ஃபோர்’ என்று ஆரம்பித்துக் கேட்பது ‘ரோமியோ, எங்கே இருக்கிறாய்’ என்று அல்ல. ஏன் நீ ரோமியோவாக, அதாவது எதிரி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து தொலைத்தாய் என்றுதான். மேடையில் கையைப் புருவத்தில் வைத்துத் தோட்டத்தைத் துழாவிப் பார்க்கும் ஜூலியட்டுகள் இன்றும் இருக்கிறார்கள்.

படி 4: தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுங்கள்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான், நிதானமாகப் போவோம்.

நாற்றம் என்ற சொல் நமக்கு இதைப் புரியவைக்கப் போதும். ஆண்டாள் பாடலில் நாறுவது நறுமணம், இன்றைக்கு நாறுவது சாக்கடை. இப்படி இடம் மாறிய சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். ‘சில்லி’ ஒரு காலத்தில் பாக்கியம் பெற்ற, கள்ளமில்லாத என்று இருந்து, பாவம் என்று இரங்கத்தக்கவராகி, கடைசியில் அசடாயிற்று. ‘நாட்டி’ இன்று குறும்புக்காரக் குழந்தை, ஷேக்ஸ்பியரில் கொடியவன். ‘ஃபாண்ட்’ இன்று பிரியம். அன்று புத்தி கெட்ட. லியர் அரசன் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது பாசக்காரக் கிழவன் என்று மொழிபெயர்த்தால் காட்சியே கெட்டுவிடும். ‘பிரேவ்’ பல இடங்களில் வீரம் அல்ல, பகட்டான, அற்புதமான. ‘ஸ்டில்’ என்றால் எப்போதும். ‘மீட்’ என்றால் எந்த உணவும். இனிப்புப் பண்டத்துக்குச் சொல்லும் ‘ஸ்வீட்மீட்’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. ‘ரைவல்’ என்றால் எதிராளி என்றுதானே நினைப்போம்? ஹாம்லெட் முதல் காட்சியில் காவலுக்கு நிற்பவன் தன் ‘ரைவல்’களை விரைந்து வரச்சொல் என்கிறான். கூடக் காவல் நிற்கும் கூட்டாளிகளைத்தான் அப்படிச் சொல்கிறான்.

‘டௌட்’ தனியாகக் கவனிக்க வேண்டியது. இன்றைய ஆங்கிலத்தில் ஒன்றை ‘டௌட்’ செய்கிறேன் என்றால் அது நடந்திருக்காது என்று நினைப்பதாக அர்த்தம். ஹாம்லெட் தன் தந்தையின் ஆவி உலவுவதைக் கேள்விப்பட்டு ஏதோ சதியை ‘டௌட்’ செய்வதாகச் சொல்கிறான். சதி நடந்திருக்கும் என்று நினைக்கிறான். ‘அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்’ என நாம் பேசும் அதே சந்தேகம். தமிழ்க் காதோடு படித்தால் இது தடுக்கவே தடுக்காது.

நேரத்தைக் குறிக்கும் சொற்களில் மனித சுபாவமே தெரிகிறது. ‘பிரசென்ட்லி’, ‘அனான்’, ‘பை அண்ட் பை’ எல்லாம் முதலில் உடனே, இந்தக் கணமே என்று பொருள்பட்டவை. சொன்னவர்கள் யாரும் உடனே வராததால் மூன்றும் பிறகு, சற்று நேரத்தில் என்று தேய்ந்துவிட்டன. வீட்டிலிருந்து கிளம்பாமலேயே ‘இதோ வந்துட்டேன்’ என்று போனில் சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையை ‘பை அண்ட் பை’, அதுவும் ஒரு ‘சார்ஜர்’இல் வைத்துக் கேட்கிறாள். இப்பொழுதே, ஒரு பெரிய தட்டில் என்று பொருள். இன்றைய அர்த்தத்தில் படித்தால் அவள் அவசரமில்லாமல் போன் சார்ஜரில் கேட்பதாக ஆகும்.

அதே பைபிளில் ‘பிரிவென்ட்’ என்றால் முந்திப் போதல். ‘சஃபர்’ என்றால் இடங்கொடுத்தல். ‘கான்வர்சேஷன்’ என்றால் நடத்தை. ‘குயிக்’ என்றால் உயிரோடிருப்பவர். ‘கேரேஜ்’ என்றால் வண்டி அல்ல, தூக்கிச் செல்லும் மூட்டைமுடிச்சு. ‘கார்ன்’ என்றால் மக்காச்சோளம் அல்ல, பொதுவாகத் தானியம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் அர்த்தம் லேசாகக் கோணினால், அதில் இருக்கும் மிகச் சாதாரணமான சொல்லை முதலில் பிடியுங்கள்.

படி 5: அகராதிகளை வரிசையாகத் திறங்கள்

முதலில் ஏதாவது ஒரு நல்ல தற்கால அகராதி. அதில் பொருளுக்கு முன்னால் இருக்கும் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். ‘ஆர்க்கெயிக்’ என்றால் பழமை வாசனைக்காக இன்னும் எப்போதாவது எழுதுகிறார்கள். ‘அப்ஸலீட்’ என்றால் வழக்கொழிந்தது. ‘டயலெக்ட்’ என்றால் ஏதோ ஒரு வட்டாரத்தில் இருக்கிறது. அச்சான ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் சொல்லுக்கு முன்னால் குத்துவாள் அடையாளம் இருந்தால் அது வழக்கொழிந்த சொல்.

அடுத்து சொல்லின் வரலாறு. டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் ‘எட்டிமான்லைன்’ தளம் இலவசம், சுருக்கம். எந்த நூற்றாண்டில் எந்தப் பொருள் என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

மூன்றாவதாக, உங்கள் நூலின் வருடத்துக்கு நெருங்கிய அகராதி. இதைத்தான் பலரும் செய்வதில்லை, பலன் அதிகம் இதில்தான். 18-ஆம் நூற்றாண்டு நூல் என்றால் ஜான்சன் 1755. மனிதர் கொஞ்சம் குசும்பு பிடித்தவர். ஓட்ஸ் தானியம் இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் உணவு என்று எழுதிவைத்தார், அகராதி தொகுப்பவனை யாருக்கும் தீங்கில்லாத சுமைகூலி என்றார். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள் காட்டுவார், அது நமக்கு வேண்டும். பைபிளுக்கும் பழைய அமெரிக்க எழுத்துக்கும் நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி. தெருப்பேச்சு, திருட்டுப் பாஷை என்றால் பிரான்சிஸ் குரோஸ் 1785-இல் தொகுத்தது. வட்டாரச் சொல் என்றால் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்த ஜோசஃப் ரைட்டின் வட்டார வழக்கு அகராதி. ரைட் சிறுவயதிலேயே மில் வேலைக்குப் போனவர், பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். சாசர் காலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது.

இத்தனைக்கும் மேலே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. முதல் பகுதி 1884-இல் வந்தது, வேலை முடிந்தது 1928-இல். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915-இலேயே இறந்துவிட்டார். பொதுமக்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வரியைச் சீட்டில் எழுதி அனுப்ப, அந்தச் சீட்டுகளிலிருந்து கட்டிய அகராதி அது. இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைத் திறந்தால் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். கீழே இருக்கும் மேற்கோள்களின் வருடங்களைப் பாருங்கள். உங்கள் நூலின் வருடம் எந்தப் பொருளின் மேற்கோள்களுக்கு நடுவே விழுகிறதோ, அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

படி 6: பொருத்திப் பாருங்கள்

கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்துத் தமிழில் சொல்லிப்பாருங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் பொருந்தினால் போதாது, அதே ஆசிரியர் அதே சொல்லை வேறு இடத்தில் எழுதியிருந்தால் அங்கேயும் பொருந்த வேண்டும்.

பைபிள் ஆங்கிலத்துக்கு நம்மிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது: பழைய தமிழ் வேதாகமம். அதை மொழிபெயர்த்தவர்கள் எபிரேய, கிரேக்க மூலத்தை நோக்கி வேலை செய்தவர்கள் என்பதால், ஆங்கிலச் சொல் பொருள் மாறிப்போனது அதைப் பாதிக்கவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் நான்காம் அதிகாரத்தில் ஆங்கிலத்தில் ‘பிரிவென்ட்’ என்று வரும் இடத்தில் தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’ என்று இருக்கும். இரண்டாம் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ‘லெட்’ வரும் இடத்தில் ‘தடைசெய்கிறவன்’ என்று இருக்கும். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் ‘சஃபர்’ வரும் இடத்தில் ‘இடங்கொடுங்கள்’. அகராதி கையில் இல்லாத நேரத்தில்கூடப் பக்கத்தில் தமிழை விரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மூலத்தில் பாடபேதம் இருக்கும் இடங்களில் இரண்டும் ஒத்துப்போகாது, அங்கே மட்டும் கவனம்.

படி 7: கம்பெனிக் காலத்து ஆங்கிலம் என்றால் உரக்கப் படியுங்கள்

புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்களைப் படிக்கிறவர் இரண்டு வகைச் சொற்களைச் சந்திப்பார். முதல் வகை, வேடம் போட்ட ஆங்கிலச் சொற்கள். ‘ரைட்டர்’ என்றால் எழுத்தாளர் அல்ல, கம்பெனியின் கடைநிலைக் குமாஸ்தா. ராபர்ட் கிளைவ் 1744-இல் சென்னைக்கு வந்து இறங்கியது அந்த வேலைக்குத்தான். அதற்கு மேலே ‘ஃபேக்டர்’, கம்பெனியின் வணிக முகவர். அவர்கள் தங்கிச் சரக்கு வாங்கிவைக்கும் இடம் ‘ஃபேக்டரி’. அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை. ‘மலபார்’ என்று வந்தால் உடனே கேரளத்துக்குப் போய்விடாதீர்கள். ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள். பெப்ரிசியஸ் 1779-இல் வேப்பேரியில் அச்சிட்ட தமிழ் அகராதியின் தலைப்பே மலபார், ஆங்கில அகராதி என்றுதான் இருக்கிறது. ‘ஜென்டூ’ என்றால் பொதுவாக இந்து, சென்னை ஆவணங்களில் பெரும்பாலும் தெலுங்கு.

ஒருவர் ஐந்நூறு ‘பகோடா’ கொடுத்தார் என்று படித்துவிட்டுக் கோயில் கோபுரத்தை நினைக்க வேண்டாம். அது பொன் நாணயம், நம்மவர்கள் வராகன் என்பார்கள். ஸ்டார் பகோடா ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 ‘கேஷ்’. அந்தக் ‘கேஷ்’ நம்ம காசு. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கில ‘கேஷ்’ பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறொரு சொல். இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுவது தற்செயல்.

இரண்டாவது வகை இன்னும் சுவாரசியம்: ஆங்கில வேடம் போட்ட தமிழ்ச் சொற்கள். ‘கனிகோபோலி’ என்று ஒரு சொல் வருகிறது. கிரேக்கமா, லத்தீனா என்று எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் பிடிபடாது. வாய்விட்டு வேகமாகச் சொல்லிப்பாருங்கள். கணக்கப்பிள்ளை! ‘பாலிகார்’ பாளையக்காரர், ‘சுனாம்’ சுண்ணாம்பு, ‘டோப்’ தோப்பு, ‘ஷெரூட்’ சுருட்டு, ‘சௌல்ட்ரி’ சாவடி. ‘காஞ்சி-ஹவுஸ்’ என்று வந்தால் அது ஹோட்டல் இல்லை. பட்டாளத்துச் சிப்பாய்களை அடைத்துவைக்கும் சிறை. உள்ளே சாப்பாடாகப் போட்ட கஞ்சியால் அந்தப் பெயர். ‘டுபாஷ்’ மட்டும் தமிழ் அல்ல, இரண்டு மொழி என்று பொருள்படும் இந்திச் சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகைக்கு முக்கியமான கைப்புத்தகம் 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன். தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்; நூல் வெளிவருவதற்கு முன்பே, 1882-இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இது தேடும் வசதியோடு இலவசமாக இருக்கிறது. அதே தளத்தில் வின்ஸ்லோவின் 1862 தமிழ் அகராதியும் உண்டு. காதில் பட்ட தமிழ்ச் சொல்லை அதில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழைய பத்திரம் கையில் இருந்தால்

ஆங்கிலப் பத்திரங்களில் சொற்கள் ஜோடி ஜோடியாக வரும்: ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’, ‘நல் அண்ட் வாய்ட்’, ‘குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நார்மன் காலத்திலிருந்து பிரெஞ்சு புழங்கியதால், எந்தச் சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டையும் எழுதினார்கள். 1362-இல் வழக்கு வாதங்களை ஆங்கிலத்தில் நடத்தச் சட்டம் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

‘விட்னஸெத்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால், மேலே உள்ள ‘எத்’ விதிப்படி, இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது என்று பொருள். ‘மெஸ்வேஜ்’ என்றால் வீடும் அதைச் சேர்ந்த கொல்லை, கொட்டகை, மனையும். ‘மாய்ட்டி’ என்றால் சரிபாதி. ‘ரெலிக்ட்’ என்றால் விதவை. கல்லறைக் கல்வெட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். ‘டிமைஸ்’ என்றதும் யாரோ இறந்துவிட்டதாக நினைக்காதீர்கள், வாடகைக்கோ குத்தகைக்கோ விட்டிருக்கிறார்கள். சொத்துரிமை கைமாறுவதுதான் அதன் அசல் பொருள். அரசன் இறந்தால் முடி கைமாறுவதால் அது சாவையும் குறிக்கத் தொடங்கியது. ‘பிரமிசஸ்’ என்பதும் முதலில் மேலே சொல்லப்பட்டவை என்றுதான் பொருள்பட்டது. பத்திரத்தில் மேலே சொல்லப்பட்டது வீடாக இருந்ததால் வீடே ‘பிரமிசஸ்’ ஆகிவிட்டது. பத்திரம் வழக்கில் சம்பந்தப்பட்டது என்றால் அகராதியோடு நிற்காமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

ஆள் பெயர்களில் ஒளிந்திருக்கும் தொழில்கள்

இது ஒரு துணுக்குதான். அரிய தொழிற்சொல் ஒன்று வந்து அகராதி கைகொடுக்கவில்லை என்றால், குடும்பப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ‘வெப்ஸ்டர்’ நெசவாளி, ‘தாட்சர்’ கூரை வேய்பவர், ‘ஃப்ளெட்சர்’ அம்பு செய்பவர், ‘கூப்பர்’ பீப்பாய் செய்பவர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு: ‘ஸ்லேட்டர்’ பலகைக்கல்லால் கூரை போடுபவர், ‘ஃபாக்னர்’ வல்லூறு வளர்ப்பவர், ‘பட்லர்’ மதுப்புட்டிகளுக்குப் பொறுப்பாளர். இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஜான் ரைட்டின் பெயரில் இருக்கும் ‘ரைட்’ கைவினைஞர். நாடகாசிரியரைக் குறிக்கும் ‘பிளேரைட்’ என்ற சொல்லிலும் அதே ‘ரைட்’தான், எழுதுவது அல்ல.

படி 8: இணையப் பட்டியல்களைச் சல்லடை போடுங்கள்

‘மறந்துபோன அழகான ஆங்கிலச் சொற்கள்’ என்று படம் போட்டு வருபவற்றில் பாதி, யாரும் மறக்கவில்லை, ஏனென்றால் யாரும் பேசவே இல்லை. குளிர்கால வெயிலின் கதகதப்பு என்று சுற்றிவரும் ‘அப்ரிசிட்டி’ 1623-இல் ஹென்றி காக்கெரம் தொகுத்த அகராதியில் இருக்கிறது. அக்காலத்து அகராதிக்காரர்கள் லத்தீன் சொல்லுக்கு ஆங்கில வால் ஒட்டி உள்ளே தள்ளுவது சகஜம். நாளை மறுநாளைக் குறிக்கும் ‘ஓவர்மாரோ’ 1535-இல் வந்த கவர்டேல் பைபிளில் இருக்கிறது, அதைத் தாண்டி அதிக நடமாட்டம் இல்லை. இவை பொய்ச் சொற்கள் அல்ல. ஆனால் அக்கால மக்களின் பேச்சுக்குச் சான்றாக இவற்றைக் காட்ட முடியாது. ஒரு சொல்லைக் கட்டுரையில் எடுத்தாளும் முன் இரண்டு வெவ்வேறு ஆசிரியர்களின் மேற்கோளாவது கிடைக்கிறதா பாருங்கள்.

அகராதியில் இருப்பதாலேயே சொல் உண்மை என்றும் ஆகாது. வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தார்கள். பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’, அடர்த்தியின் சுருக்கக் குறி என்று ஒரு சீட்டில் எழுதியிருந்ததை, நடுவில் இருந்த ‘ஆர்’ என்ற சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல் ஒரு ஆசிரியர் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை.

எந்த அகராதியிலும் சிக்காத சொல் ஒன்று மிஞ்சினால், அது ஊர்ப்பெயரா, ஆள் பெயரா, ஸ்கேன் பிழையா என்று பாருங்கள். எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் மாற்றி, ‘ஐ’க்கு ‘ஒய்’, ஒற்றை எழுத்துக்கு இரட்டை எழுத்து, கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்த்தும் எடுத்தும் தேடுங்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுவது தப்பே இல்லை. அப்படியும் கிடைக்காவிட்டால், சொல், வருடம், நூல், பக்கம், முழு வாக்கியம் ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள். அதே ஆசிரியர் பின்னால் எங்காவது அதை மறுபடி எழுதியிருக்கலாம், அப்போது முதல் வரியும் சேர்ந்து புரியும்.